சிகார் பெட்டிக்குள்ள தண்ணி வைக்காதீங்க: மண்டபத்துலேருந்து கேள்வி பதில்

கப்பல்ல 22 வருஷம் ஓடிட்டு இப்ப மண்டபத்துல உக்காந்திருக்கேன். வீட்டுல சிகார் நூத்திச் சொச்சம் கிடக்கு, பாதி வாங்குனது, பாதி கூட வேலை பாத்தவனுங்க குடுத்தது. கெடாம வைக்கிறது எப்படின்னு மட்டும் கேளுங்க. எங்க கிடைக்கும், என்ன விலைன்னு கேட்டா பதில் வராது.

கீழக்கரை: அண்ணே, துபாய் ரூம்ல ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஊருக்குக் கொண்டாந்த நாலாவது நாளே மேல் இலை வெடிச்சிருச்சு. காஞ்சு போச்சு போலன்னு பெட்டிக்குள்ள ஈர ஸ்பாஞ்ச் வச்சேன், இன்னும் ரெண்டு வெடிச்சிருச்சு.

தம்பி, அது காஞ்சு வெடிக்கல, ஈரத்தைக் குடிச்சு வெடிச்சது. துபாய் ரூம்ல ராத்திரி பகலா ஏசி ஓடும், காத்துல ஈரமே இருக்காது, சிகார் உள்ள வரைக்கும் சுருங்கிக் கிடந்திருக்கும். அதை நம்ம கடக்காத்துல திறந்து வச்சா உள்ள இருக்குற இலை சடார்னு ஈரத்தை இழுத்து உப்பும், மேல சுத்துன இலை மெல்லிசு, அது கூடவே விரிய முடியாம கிழிஞ்சிரும். நீங்க ஸ்பாஞ்ச் வேற வச்சு இன்னும் ஊட்டிவிட்டுருக்கீங்க.

எல்லாருக்கும் ஒரே தடவையா சொல்லிடுறேன். நீங்க பாக்குற வீடியோ பூராம் குளிர் நாட்டுக்காரன் எடுத்தது. அவன் வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது, காத்து காஞ்சு கிடக்கு, அதனால தண்ணி வைங்குறான். நமக்கு அது தலைகீழ். பெட்டிக்குள்ள வேண்டியது 62லேருந்து 68 சதம் ஈரப்பதம், என் வீட்டுத் திண்ணையில காலைல ஈரப்பத மீட்டர் 80ஐத் தாண்டி நிக்குது. நம்ம வேலை ஈரம் குடுக்குறது இல்ல, ஈரத்தை உள்ள விடாம வைக்கிறது. ரப்பர் வளையம் வச்ச க்ளிப் டப்பா வாங்குங்க, 25 சிகாருக்கு ஒரு 60 கிராம் போவேடா பாக்கெட் (ஈரத்தை ஒரே அளவுல நிறுத்துறது), 62 போட்டது. ஈரம் கூடுனா இழுத்துக்கும், குறைஞ்சா விடும். ரெண்டு வாரம் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. அப்புறம் வேணும்னா 65க்கு மாத்துங்க. வெடிச்சதை ஒட்டவெல்லாம் முயற்சி பண்ணாதீங்க.

ராமேஸ்வரம்: மீட்டர் சரியா காட்டுதான்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. பாட்டில் மூடியில உப்பைப் போட்டு நாலஞ்சு சொட்டு தண்ணி விடுங்க, கரையக் கூடாது, அலை வந்து போன மணல் பதம் இருந்தா போதும். அதையும் மீட்டரையும் ஒரு டப்பாவுல வச்சு இறுக்கி மூடி ஒரு நாள் விடுங்க. சாப்பாட்டு உப்பு மூடுன இடத்துல 75 சதத்துல நிக்கும், அது இயற்கை. மீட்டர் 79 காட்டுனா நாலு கழிச்சுக்கங்க. ஆனா தூள் உப்பு போடுங்க, உப்பளத்துலேருந்து வர்ற கல்லுப்பு வேணாம். அதுல மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். மழைக்காலத்துல நம்ம உப்பு ஜாடி அடியில தண்ணி கட்டுதே, அது அந்தச் சாமான் பண்ற வேலைதான். அதை வச்சா 75ன்னு நம்ப முடியாது.

பரமக்குடி: ஸ்பாஞ்ச் எத்தனை நாளைக்கு ஒருக்கா நனைக்கணும்?

கீழக்கரைத் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

ஏர்வாடி: ஆசாரிகிட்ட சொல்லி வேப்பமரத்துல பெட்டி அடிக்கலாமா? பூச்சி வராதுல்ல?

சிகார் பெட்டி செய்யுற மரத்தை ஸ்பானிஷ் சிடார்னு சொல்றாங்களே, அது தேவதாரு இல்ல, ஸ்பெயின்ல விளையுறதும் இல்ல, அமெரிக்கக் கண்டத்து மரம். நம்ம வேம்பு இருக்குற அதே குடும்பம்தான். ஆனா வேப்பங்கட்டை வாசனை புகையில ஏறிரும், கசக்கும். ஆசாரிகிட்ட சந்தனவேம்பு கிடைக்குமான்னு கேளுங்க, அது இன்னும் நெருங்குன சொந்தம். உள்பக்கம் வார்னிஷ் மட்டும் வேணாம். கீலு பித்தளையா போடுங்க. என் முதல் பெட்டிக்கு இரும்புக் கீலு, ஒரே வருஷத்துல துரு ஒழுகி மேல் வரிசை சிகார் எல்லாம் காவிக் கறை.

தொண்டி: என் சிகார் மேல வெள்ளையா பூத்திருக்கு. ப்ளூம்னு சொல்றாங்க, ரொம்ப சந்தோஷமா இருக்கு.

சந்தோஷப்படாதீங்க, பூஞ்சை.

தொண்டி: இல்லண்ணே, நல்லா வயசான சிகார்ல எண்ணெய் வெளிய வந்து பொடியா படியுறதுதான் ப்ளூம். பெரிய பெரிய ஆளெல்லாம் சொல்றாங்க.

சொல்லுவாங்க, விக்கிறவனுக்கு வசதியா இருக்கும்ல. உங்க ஊர்ல கருவாடு பாக்காதவங்க உண்டா? கருவாட்டு மேல பூக்குற உப்பு தட்டுனா உதிரும், வெயில்ல மின்னும். மழைல நனைஞ்ச மூட்டைல வர்ற பூஞ்சை ஒட்டிக்கிட்டு நிக்கும். உங்களோடது ரெண்டாவது ரகம்.

தொண்டி: என்னோடது தட்டுனா உதிருதே! நீங்க சொன்ன கணக்குப்படியே ப்ளூம்தானே?

காஞ்ச பூஞ்சையும் தட்டுனா உதிரும்யா.

ராமநாதபுரம்: அண்ணே, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், கருவாட்டை நீங்களே கொண்டாந்து நீங்களே தூக்கிப் போட்டுட்டீங்க.

சரி, உதாரணம் நொண்டிதான், ஒத்துக்கிறேன். தட்டுறது சோதனை இல்ல. நகைக்கடைல கண்ணுல வச்சுப் பாப்பாங்களே, அந்த லென்ஸ் 10 மடங்குக்கு வாங்கிப் பாருங்க. நூல் நூலா கிளம்பி நின்னா, வட்ட வட்டமா திட்டு திட்டா இருந்தா, பூஞ்சை. ப்ளூம்னு என்கிட்ட கொண்டாந்து காட்டுனதுல நான் லென்ஸ் வச்சுப் பாத்தது அத்தனையும் பூஞ்சைதான், என்னோடது உட்பட. ஒரு ஐப்பசியில பச்சை ஸ்பாஞ்சை நனைச்சு வச்சுட்டு கப்பலுக்குப் போனேன், தை மாசம் வந்து திறந்தா நாப்பது சிகாரும் நரைச்சுப் போயிருந்துச்சு. நானும் உங்கள மாதிரி ப்ளூம்னு நாலு பேருக்குப் போட்டோ அனுப்புனவன்தான்.

தொண்டி: பெட்டி 74 காட்டுதுண்ணே, அதுக்குப் போய் பூஞ்சை வருமா?

அதை முதல்லயே சொல்லிருக்கலாம்ல. நம்ம வெயிலுக்கு 74ல நாலு வாரம் இருந்தா வராம என்ன செய்யும்? பத்த வைக்கிற முனையைப் பாருங்க. அங்க உள் இலையில வெள்ளை தெரிஞ்சா தூக்கிப் போடுங்க, யோசிக்கவே வேணாம். மேல மட்டும்னா துடைச்சுத் தனி டப்பாவுல வைங்க.

முதுகுளத்தூர்: சிகார்ல ஊசி குத்துன மாதிரி ஓட்டை. எங்க வீட்டுல மிளகாய் மூட்டை வச்சிருக்குற ரூம்லதான் பெட்டி இருக்கு.

அந்த ரூமை விட்டு எடுங்க முதல்ல! புகையிலை வண்டுன்னு பேரு, ஆனா வத்தல், மல்லி, மஞ்சள் எல்லாம் திங்கும். நம்ம முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்துச்சு, வண்டுக்கு அது முன்னாடியே தெரியும். சூடு 24, 25 டிகிரியைத் தாண்டுனா முட்டை பொரிக்கும், நம்ம ஊர்ல எப்ப தாண்டல? ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை ஜிப் கவர்ல ரெண்டு சுத்து போட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு நாள், ஃப்ரீசர்ல மூணு நாள், திரும்ப ஃபிரிட்ஜ்ல ஒரு நாள். நேரா வெளிய எடுத்தா வேர்த்து வெடிச்சிரும். கரண்ட் போற நாளா பாத்து ஆரம்பிச்சுறாதீங்க.

உச்சிப்புளி: ஸ்பாஞ்சுக்குப் பதிலா உருளைக்கிழங்குத் துண்டு வைக்கலாமா?

குழம்புல வைங்க.

கீழக்கரை, இன்னொருத்தர்: மச்சான் நாலு பெட்டி கொண்டு வர்றாரு, ஏர்போர்ட்டுல விடுவாங்களா?

வரியில்லாம 25 சிகார், இல்லாட்டி 100 சிகரெட், இல்லாட்டி 125 கிராம் புகையிலை, ஏதாவது ஒண்ணுதான். மிச்சத்துக்கு வரி உண்டு, சொல்லிட்டுக் கட்டச் சொல்லுங்க.

தங்கச்சிமடம்: புகையை உள்ள இழுக்கலேன்னா உடம்புக்கு ஒண்ணும் இல்லல்ல?

இருக்கு. வாய், தொண்டைப் புத்து இழுக்காமலே வரும். நான் மாசத்துக்கு ஒண்ணு, அதுக்கே டாக்டர் திட்டுறாரு.

பேர் சொல்லாத தம்பி: வயசு 17 அண்ணே...

போய் படி.

தேவிபட்டினம்: எங்க அப்பத்தா சுருட்டை ஓலைக் கொட்டான்ல போட்டுப் பரண்ல வைக்கும், ஒண்ணும் ஆகாது. நீங்க என்னடான்னா மீட்டர், பாக்கெட்டுங்குறீங்க?

அப்பத்தா கரெக்ட்டு. நம்ம சுருட்டு காஞ்சு பிடிக்குறதுக்குன்னே சுத்துறது, காத்தாடுற கொட்டானும் அடுப்புச் சூடு ஏறுற பரணும் அதுக்குத் தோதான இடம். கியூபாக்காரன் சிகார் ஈரப்பதத்துலயே இருந்து பழகுனது. ரெண்டையும் ஒரே பெட்டியில மட்டும் போட்டுறாதீங்க, சுருட்டு நமுத்துப் போயிரும்.

தொண்டி: அண்ணே, தம்பி நகைப் பட்டறையிலேருந்து லென்ஸ் வாங்கிட்டு வந்தான். முதல் ரெண்டுல நூல் தெரியுது. மூணாவதுல நிஜமாவே ஒண்ணும் தெரியல, பொடி மாதிரி மின்னுது.

அந்த மூணாவதைத் துடைக்காதீங்க. தனி டப்பாவுல 62 பாக்கெட்டோட வச்சு பத்து நாள் கழிச்சு அதே லென்ஸ்ல பாத்துட்டுச் சொல்லுங்க.