எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பி0171 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது; ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் இங்கே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்தத் தாளோடு நின்றவன்தான்.

நான் மெக்கானிக் அல்லன். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வாரம் மூன்று நாள் காரில் போய்வரும் கணக்கர். பிழை இருந்தால் தொழில் தெரிந்தவர்கள் திருத்தலாம். ஆனால், ‘ஸ்கேனர் சொன்னதைத்தானே செய்தோம்’ என்று மட்டும் யாரும் வாதாட வர வேண்டாம், ஏனென்றால் ஸ்கேனர் அப்படிச் சொல்லவே இல்லை. பி0171 என்பதற்கு, எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பதே பொருள். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். அந்தக் கணக்கு தவறுவதைக் கண்டு சொல்வதே ஆக்சிஜன் சென்சாரின் வேலை. அதைக் கழற்றி எறிவது, புகார் கொடுக்க வந்தவரையே லாக்கப்பில் வைப்பதற்குச் சமம். சென்சாரே பழுதாகிப் பொய் சொல்லும் வாய்ப்பும் உண்டு, மறுக்கவில்லை; ஆனால் அதைச் சோதித்த பிறகு சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த விளக்கு எரிந்தது தொப்பூர் கணவாயில், சேலத்திலிருந்து திரும்பி மேடேறும்போது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி, குறியீட்டைப் படித்த கையோடு அழித்தும் விட்டார்கள். குறியீடு பதிவான நேரத்தில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் ஓடியது என்று கணினி சேமித்து வைத்திருக்கும் விவரமும் அதோடு போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 4,800 ரூபாய்க்குப் புதிய சென்சார் மாட்டினார்கள். பழையதைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அதே மேட்டில் அதே விளக்கு எரிந்தது.

பிறகு பென்னாகரம் சாலையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவரிடம் இருந்ததும் கைப்பேசியோடு இணையும் மலிவான ஸ்கேனர்தான். ஆனால் அவர் குறியீட்டைப் பார்த்ததோடு நிற்காமல் ஃப்யூயல் ட்ரிம் எண்களைத் திறந்தார். கலவையைச் சரிக்கட்டக் கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கிறது என்பதை அவை காட்டும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 23 இருந்தது. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பிடித்ததும் 6க்கு இறங்கியது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் இப்படித்தான் காட்டும். ஐடிலில் உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் திருட்டுக் காற்றின் பங்கு அங்கே பெரிதாகத் தெரியும். மாறாக, வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்று சென்சார் பக்கம் தேட வேண்டும். (என் காரில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உண்டு. காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் எண்கள் வேறு விதமாக நடந்துகொள்ளலாம்.)

அவர் பிளையரால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெல்ல நெரித்தார். எஞ்சின் மூடிக்குப் பின்னால் வளைந்து போகும் ஒரு ஹோஸை நெரித்ததும் நடுக்கம் நின்று, எண் சரசரவென இறங்கியது. கழற்றி வளைத்துக் காட்டினார்: மேலே புதிது போலப் பளபளத்த ரப்பர், அடிப்புறத்தில் சூட்டில் இறுகி, சுண்டுவிரல் நக நீளத்துக்கு மீன் வாய் போலப் பிளந்திருந்தது. ஹோஸின் விலை 180 ரூபாய், கூலி 200.

குறியீட்டை அழிக்கச் சொன்னேன். “அதுவா அணையட்டும் சார், அப்பதான் உங்களுக்கே நம்பிக்கை வரும்” என்று மறுத்துவிட்டார். நான்காம் நாள் காலை வண்டியை எடுத்தபோது விளக்கு எரியவில்லை. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் வரும் அந்த இரண்டு ஃப்யூயல் ட்ரிம் எண்களைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் மட்டும் என் கதையை விட்டுவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத கோளாறு; புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே எரித்துவிடும்.