எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டதா?

கேள்வி: எங்கள் வீட்டு பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி இருக்கிறது. வயிற்றுக்கு அடியில் வட்டமாக, வெள்ளையாக எதையோ பிடித்துக்கொண்டே நகர்கிறது. அது விஷப்பை என்கிறார் மாமியார். குழந்தையை உள்ளே விடவே பயமாக இருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அது விஷப்பை இல்லைம்மா, முட்டைப்பை. நீங்கள் பார்ப்பது வேட்டைச் சிலந்தியின் தாய். உடம்பு தட்டையாக இருக்கும், கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் கண்களுக்குக் கீழே வெளிர்மஞ்சளாக ஒரு பட்டை தெரியும். வலை கட்டி உட்காராது, ராத்திரியில் சுவரில் ஓடிக் கரப்பான் பிடிக்கும். விஷம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இதுவரை பெயர் வைக்கப்பட்ட 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி வகைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு, பூச்சியை மடக்க அது வேண்டும். அந்த விஷம் மனிதரை என்ன செய்யும் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது, இந்தச் சிலந்தி விஷயத்தில் பதில்: கடித்த இடம் வலிக்கும், கொஞ்சம் வீங்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதுவும் கையால் அமுக்கினால்தான், அல்லது முட்டையோடு இருக்கும்போது சீண்டினால்தான். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விட்டுவிடுங்கள். துடைப்பத்தால் அடித்தால் முட்டைப்பை கிழிந்து குஞ்சுகள் பாத்ரூம் முழுக்கப் பரவலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. நாலு நாளாகக் காய்ச்சல், தலைவலி. இடுப்பில் வேட்டி கட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு. வலி இல்லை என்கிறார். எட்டுக்கால் பூச்சி கடித்திருக்கும், பச்சிலை வைத்துக் கட்டினால் போதும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கட்டலாமா?
— வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கட்ட வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் உங்களுக்குத் தனியாகவும் சொல்லிவிட்டோம். மற்ற வீடுகளிலும் இதேதான் நடக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக.

சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த, வலிக்காத பொருக்கு, கூடவே காய்ச்சல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புதர், புல், வயல்வரப்பில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சியின் இளம்புழு கடித்து, அதன் வழியாக ஒரு பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. கடித்தது தெரியவே தெரியாது. பொருக்கும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு என்று மறைவான இடமாகப் பார்த்து வரும். அதனால் டாக்டரிடம் காய்ச்சலை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், கூச்சப்படாமல் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் மாதிரி சாதாரண மாத்திரைக்குக் கேட்கிற நோய் இது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். ஒரு அப்பாவிச் சிலந்தி மேல் பழி போட்டுவிட்டு நாலு நாள், ஐந்து நாள் என்று வீட்டில் வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இப்படிச் சிலந்தி தலையில் விழும் பழி இன்னும் நிறைய உண்டு. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு குட்டி வண்டு, எறும்பு அளவுக்கு மெலிந்து, கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்டிருக்கும். அது கடிப்பதில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தேய்த்து நசுக்கிவிடுகிறோம், அதன் உடம்பில் உள்ள நஞ்சு பட்டு மறுநாள் கோடு இழுத்தாற்போல் எரிச்சலும் கொப்புளமும் வருகிறது. எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டுவிட்டது என்று சொல்வது பல நேரம் இதைத்தான். தேய்க்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடம்பின் ஒரே பக்கம் வரிசையாகக் கொப்புளம், அதற்கு முன்பே அங்கே வலி என்றால் அது அக்கி. அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், காவி பூசி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று நாளும் போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சிவந்து, சூடாகி, வீக்கம் ஏறிக்கொண்டே போனால் அதுவும் உடனே பார்க்க வேண்டிய கிருமித்தொற்று.

சரி, சதையையே அழுகவைக்கும் சிலந்தி என்று பெயர் வாங்கிய ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, பிரவுன் ரெக்ளூஸ். கன்சாஸ் மாநிலத்தில் நாலு பேர் குடியிருந்த ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்ளூஸ் பிடிபட்டன, வீட்டில் ஒருவருக்கும் கடி இல்லை. 2002-இல் வெளிவந்த ஆய்வு இது. கடித்ததைக் கண்ணால் பார்க்காமல் சிலந்திக்கடி என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: டாய்லெட் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்து கடித்துக் கொல்லும் சிலந்தி என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு வந்திருக்கிறது. உண்மையா?
— வாசகர், சென்னை

பதில்: பொய். 1999-இல் மின்னஞ்சலில் கிளம்பிய புரளி, அப்போது சொன்ன சிலந்தியே கற்பனை. பிறகு டெலமோனியா என்று ஒரு நிஜச் சிலந்தியின் பெயரை ஒட்டிவிட்டார்கள். அது நம் பக்கமும் செடிகளில் இருக்கும் தாவும் சிலந்தி, மனிதருக்கு ஆபத்தில்லாதது. அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் பழைய புளியமரப் பொந்தில் முடி முடியாக, கையளவு பெரிய சிலந்தியைப் பார்த்தேன். முன்னங்காலைத் தூக்கியபோது அடிப்பக்கம் பளிச்சென்று மஞ்சள். இதுவும் ஒன்றும் செய்யாது என்பீர்களா?
— வாசகர், அரக்கோணம்

பதில்: இல்லை, இதனிடம் தள்ளியே இருங்கள். வர்ணனையைப் பார்த்தால் மரத்தில் வாழும் டரண்டுலா. 1899-இல் போகாக் என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது கையில் இருந்த மாதிரி உங்கள் அரக்கோணத்தில் பிடித்ததுதான்! காலைத் தூக்கி மஞ்சளைக் காட்டுவது எச்சரிக்கை, அப்போதே விலகிவிட்டால் பிரச்சினை இல்லை. கடித்தால் கடுமையான வலி, சில மணி நேரம் கழித்துக்கூடத் தசைப்பிடிப்பு, அது விட்டுவிட்டுப் பல நாள் படுத்தும். பொந்துக்குள் கை விடாதீர்கள், தோப்பில் கழற்றிப்போட்ட சட்டையை உதறிப் போடுங்கள். இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: பூந்தொட்டி விளிம்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் தாறுமாறான வலையில், மேலெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் முட்டைப்பை தெரிந்தால் அது பழுப்பு விதவைச் சிலந்தியாக இருக்கலாம், வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை வடிவக் குறி இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள்.

எது கடித்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. தசைப்பிடிப்பு, கொட்டும் வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி இருந்தால் ஆஸ்பத்திரி. பாம்புக்கடி ஊசியைப் போடச் சொல்லி அங்கே வற்புறுத்தாதீர்கள், சிலந்தி விஷத்துக்கு அது கேட்காது. அடித்த சிலந்தி நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.