பத்து வருடம் ஆகும் என்றாலும் இன்றைக்கே பதியுங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் மட்டும்தான் வேலை. இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மாவும் இருக்கிறார். மானிய வாடகை வீட்டுக்குப் பதிந்தால் பத்து வருடம் ஆகும் என்கிறார்கள். பதிந்து பிரயோசனம் இருக்கிறதா?

பிரயோசனம் இருக்கிறது. இன்றைக்கே பதியுங்கள். ரொறன்ரோ நகரசபையின் இந்தக் காத்திருப்பு வரிசை நீங்கள் விண்ணப்பித்த திகதியை வைத்துத்தான் நகர்கிறது. பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் காத்திருக்கின்றன. யோசித்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு முன்னால் இன்னும் ஆட்கள் சேர்வார்கள். நாங்களும் இப்படிக் காத்திருந்து கிடைத்த வீட்டில்தான் இருக்கிறோம். தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. அதனால் உங்கள் தயக்கம் எனக்கு விளங்குகிறது.

தகுதியைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருந்தால் போதும், அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். நாடு கடத்தும் உத்தரவு இருக்கக் கூடாது. ஒன்ராறியோவில் முன்பு மானிய வீட்டில் இருந்து வாடகைப் பாக்கி வைத்திருந்தால் அதைத் தீர்க்க ஒழுங்கு செய்ய வேண்டும். சொத்துக்கும் வரம்பு உண்டு. ஊரில் வீடு வளவு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. காசு தந்தால் வரிசையில் முன்னுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள்.

வாடகை வருமானத்தைப் பொறுத்தது. பொதுவாகக் குடும்பத்தின் நிகர வருமானத்தில் 30 வீதம். வருடத்துக்கு 24,000 டொலர் என்றால் மாத வாடகை 600 டொலர் அளவில் வரும். அதே நகரத்தில் ஒரு அறை அப்பார்ட்மென்டுக்கே வெளியில் 2,000 டொலர் கேட்கிறார்கள், இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் எங்கே போவது? பிள்ளைகளுக்கு வரும் மாதக் கொடுப்பனவை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முழுநேரம் படிக்கும் பிள்ளை பகுதி நேர வேலை செய்தால் அந்தச் சம்பளத்தையும் சேர்ப்பதில்லை. சமூக உதவிப் பணத்தில் இருப்பவர்களுக்கு வாடகை அட்டவணை வேறு.

கணக்கு எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றால், ரக்ஸ், அதாவது வருடாந்த வருமான வரிக் கணக்கு, செய்தபின் வருமான வரித் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதத்தில் இருந்து. அதில் 23600 என்று இலக்கமிட்ட இடத்தில் உள்ள தொகையைப் பாருங்கள். உங்கள் நிகர வருமானம் அதுதான். எனக்கு வேலை இல்லை, நான் ஏன் ரக்ஸ் செய்ய வேண்டும் என்று நம் பெண்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். வருமானம் பூச்சியம் என்றாலும் நீங்களும் அம்மாவும் ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வீடு வரும் நேரத்தில் இழுபடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தகுதி இல்லாமல் வீட்டை இழந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை, விண்ணப்பத்தைக் கவனிக்காமல் விட்டு இழந்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வருடக்கணக்காக வரிசையில் இருந்தார். இடையில் ஒரு பேஸ்மென்டில் இருந்து இன்னொன்றுக்கு மாறினார். விலாசத்தை மாற்றவில்லை. அவருக்கு வந்த கடிதம் பழைய வீட்டுக்காரரின் தபால் பெட்டியில், பீட்சா விளம்பரத் தாள்களுக்கு நடுவே கிடந்தது. அவர்கள் எடுத்துக் கொடுத்தபோது பதில் அனுப்பும் நாள் கடந்திருந்தது, விண்ணப்பமும் மூடப்பட்டிருந்தது. பேஸ்மென்டில் இருக்கும் நம் ஆட்களுக்குத் தனித் தபால் பெட்டி கிடைப்பதே அபூர்வம், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். வீடு மாறினாலோ, தொலைபேசி இலக்கம் மாறினாலோ, பிள்ளை பிறந்தாலோ உடனே அறிவியுங்கள். ஒன்றுமே மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை விண்ணப்பத்தைப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும். மகனின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அவன் பார்ப்பான் என்று இருக்க வேண்டாம்.

நகரசபையின் இணையக் கணக்கில் காலியாகும் வீடுகளைப் பார்த்து, எது வேண்டும் என்று நீங்களே விருப்பம் பதியலாம். இங்கே கவனம். முன்பு மூன்றாவது முறை வேண்டாம் என்று சொன்னால்தான் பட்டியலில் இருந்து எடுப்பார்கள். இப்போது தந்த வீட்டை ஒரு தடவை மறுத்தாலே பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள், தக்க காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே விருப்பம் பதியும் முன்பே பஸ்ஸில் ஒரு முறை போய் அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 60களிலும் 70களிலும் கட்டிய பழைய கட்டடங்கள். லிஃப்ட் ஓடுகிறதா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கணவரின் வேலைக்கு பஸ் இருக்கிறதா என்று அங்கே இருக்கிற ஆட்களிடமே கேட்கலாம்.

வரிசைக்கு முன்னே போகும் வழி சிலருக்கு உண்டு. வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விசேட முன்னுரிமை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி இருந்தால், விட்டு வந்த பிறகு நாள் கடத்தாமல் உடனே கேட்கச் சொல்லுங்கள், அதற்குக் கால எல்லை உண்டு. வாடகைக்கு உதவியாகப் பணமாகவே தரும் கனடா ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகையும் 2020 முதல் இருக்கிறது. அது கிடைத்தால் நல்லதுதான், ஆனால் ஏற்றுக்கொண்டால் வரிசையில் உங்கள் இடம் போய்விடும். கையெழுத்து வைக்கும் முன் கணக்குப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் அம்மா. அவரை உங்களோடு சேர்த்துப் பதிவதா, தனியாகப் பதிவதா என்று முதலிலேயே குடும்பமாக இருந்து பேசுங்கள். முதியோருக்கென்றே தனிக் கட்டடங்கள் உண்டு. 2022இல் இருந்து அவற்றை நடத்தத் தனி நிறுவனமும் இருக்கிறது. அம்மா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு இருக்கக்கூடியவர் என்றால் அவர் பெயரில் தனி விண்ணப்பம் போடுவது நல்லது என்பது என் எண்ணம். நீங்கள் ஸ்பொன்சர் செய்து வந்தவர் என்றால் அவரை 20 வருடம் பராமரிப்பதாக நீங்கள் ஏற்ற பொறுப்பைப் பற்றிக் கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் 211 என்ற சமூக சேவைத் தகவல் தொலைபேசிக்கு அழைத்து, தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் படிவம் நிரப்ப உதவும் நிலையம் எது என்று சொல்வார்கள்.