மேட்டிங் மேலே காய்ந்திருக்கும், அடியில் குளமாக இருக்கும்

கார் சீட், மேட்டிங் (தரையில் ஒட்டியிருக்கும் விரிப்பு) வேலையில் பல வருடமாக இருப்பவன் நான். மழையில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி): சார், சீட் வரை தண்ணீர் ஏறி வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து ஏசியை ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடாதா?

சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அதற்கென்று தனிக் கவர் எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் பணம் வராது. பேட்டரியில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

2024 அக்டோபரில் உங்கள் ஊர்க்காரர்கள் மழைக்கு முன்பே மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தியதைப் பார்த்து நிறைய பேர் சிரித்தார்கள். என்னைக் கேட்டால், அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

கேள்வி (தாம்பரம்): இரண்டு நாள் நல்ல வெயிலில் கதவைத் திறந்து வைத்தேன். மேட்டிங் தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் ஊறிய சாக்குப்பை வாடை போகவில்லை. ஏன்?

நீங்கள் தொட்டது மேல்துணியை. அதற்கு அடியில் ஃபோமோ கனமான பஞ்சோ இருக்கிறது, தண்ணீர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. குதிகாலால் ஊன்றி மிதியுங்கள், கசியும். கீழே தகரம், மேலே துணி. நடுவில் இருக்கும் ஈரம் எந்த வழியாகப் போகும்? ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே மேட்டிங்கைக் கழற்றத்தான் வேண்டும். முன் சீட்டுக்குப் பெரும்பாலும் நாலு போல்ட். அதைத் தொடும் முன் பேட்டரி வயரைக் கழற்றி ஒரு பத்து நிமிடம் விடுங்கள், ஏனென்றால் சீட் அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதை இழுத்து விளையாட வேண்டாம். பழக்கம் இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். சீட் வெளியே வந்ததும் கதவோர பிளாஸ்டிக் பட்டையைக் கிளப்பினால் சில வண்டிகளில் மேட்டிங் உருவி வந்துவிடும். தண்ணீர் உறிஞ்சும் வாக்குவம் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பிறகு மொட்டை மாடியில் ஃபோம் பக்கம் மேலே இருக்கும்படி மூன்று நாலு நாள் விரியுங்கள். தரைத் தகரத்தில் ரப்பர் மூடிகள் இருக்கும்; அவற்றை எடுத்தால் தேங்கியது வடியும். டிக்கியில் ஸ்டெப்னிக் குழியையும் பாருங்கள், அதை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

இதைச் செய்யாமல் நானே மாட்டியிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த என் சொந்த வண்டி, மேலே காய்ந்ததும் ‘சரி, போதும்’ என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஏர்பேக் விளக்கு எரிந்தது. சீட் அடியில் பார்த்தால் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் லட்சணம் அது.

கேள்வி: அரிசி, ஆப்ப சோடா, காபித்தூள் எல்லாம் சொல்கிறார்களே அண்ணா?

அரிசியைப் பொங்கலுக்கு வையுங்கள். ஆப்ப சோடா வாடையைக் குறைக்கும், தண்ணீரை எடுக்காது. எல்லாம் காய்ந்த பிறகு தூவி, ஒரு இரவு விட்டு வாக்குவம் போட்டால் பலன் தெரியும். சென்ட் மட்டும் அடிக்காதீர்கள். மல்லிகையும் பூஞ்சையும் கலந்த வாடையைத் தாங்க முடியாது.

கேள்வி: இங்கே தினமும் மழை, வெயிலே இல்லை. கண்ணாடியை இறக்கி வைக்கலாமா?

வேண்டாம். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அது உள்ளேதான் வரும். இன்ஜினும் வயரிங்கும் நன்றாக இருக்கின்றன என்று மெக்கானிக் சொன்ன பிறகு, கண்ணாடியை ஏற்றி, ஏசியோடு ஹீட்டரையும் சேர்த்து, காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றும்படி ஓட்டுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டுகிறதே, அது உங்கள் மேட்டிங்கில் இருந்த தண்ணீர்தான். மூடிய பார்க்கிங்கில் நிறுத்தி ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

கேள்வி (தூத்துக்குடி): அண்ணே, உப்பளத்துப் பக்கம் உப்புத் தண்ணீரில் நின்ற வண்டி. அதே வைத்தியம்தானா?

முதலில் கழற்றிய மேட்டிங்கையும் தரைத் தகரத்தையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தகரத்தில் வயர் கப்ளர் மேல் தண்ணீர் படாமல் துணியால் துடைத்து எடுங்கள். உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தகரமும் சீக்கிரம் துருவேறும். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் அலசவே வேண்டாம், மேட்டிங்கைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (கோவை): வெள்ளமும் இல்லை, மழையும் இல்லை. இடது பக்க முன் காலடி மட்டும் ஈரம்.

ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ஈரம் பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), உடனே மெக்கானிக்கிடம் போங்கள். மழை நாளில் மட்டும் என்றால் வைப்பருக்கு அடியில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: முழுசாகக் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேட்டிங்கை வண்டிக்குள் விரித்து, சீட் போல்ட்டை இன்னும் முறுக்காமல், இரவு கண்ணாடியை ஏற்றிப் பூட்டுங்கள். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் விரலால் கோடு போட முடிந்தால் மேட்டிங் திரும்ப மொட்டை மாடிக்கு.