மழைக்காலம், பழைய லப்டொப், பேர் தெரியாத கேம்கள்

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் வெளிநாட்டு ஆட்கள் வருவது குறைந்துவிடும், அநேகமாக வீட்டில்தான் இருப்பேன். கூட்டாளிமார் எல்லாரும் போனில் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. அண்ணா விட்டுவிட்டுப் போன ஒரு லப்டொப் இருக்கிறது: 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் காட் இல்லை. டேட்டாவையும் கணக்குப் பார்த்துத்தான் பாவிக்க வேணும். ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன். ஆட்களுக்கு அவ்வளவாகத் தெரியாத, ஆனால் விளையாடினால் மனதில் நிற்கிற கேம் ஏதாவது சொல்லுவீர்களா? (ஒரு வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பி, அந்த லப்டொப்பை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பெரிய கம்பனிகளின் கேம்கள்தான் 100 ஜிபி இறக்கு, புதுக் காட் போடு என்று நிற்கும். தனி ஆளாகவோ நாலைந்து பேராகவோ இருந்து செய்த கேம்களில் கனக்க உங்கள் மெசினிலேயே ஓடும். விளம்பரத்துக்குக் காசில்லாததால் பேர் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கேட்கிற சரக்கும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

காசு செலவழிக்க முதல் இன்றிரவே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓப்பன்டிடிடி. முற்றிலும் இலவசம், அளவிலும் மிகச் சின்னது. 1994இல் வந்த ‘ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன்’ என்ற கேமை அடியொற்றி 2004இலிருந்து ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். மொழித் தெரிவில் தமிழும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு முழுமை என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். தண்டவாளம் போட்டு, நிலக்கரியும் ஆட்களும் ஏற்றிக் காசு பார்ப்பதுதான் விளையாட்டு. கேட்க உப்புச்சப்பில்லாத மாதிரி இருக்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயிலை விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். சிக்னலை ஒரு கட்டம் தள்ளி வைத்தாலே போதும், இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டுமாப்போல நின்றுகொண்டு நகராது. கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்பு ரயிலுக்காகக் காத்துக் கிடந்து அலுத்தவன் நான். அதற்கான காரணம் எனக்கு இந்தக் கேமில்தான் விளங்கியது.

முதலில் காசு கொடுத்து வாங்குவதென்றால் ‘எ ஷோர்ட் ஹைக்’. 2019இல் அடம் ராபின்சன்-யூ என்பவர் செய்தது. கிளேர் என்ற சின்னப் பறவை ஒரு முக்கியமான போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள், இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை, மலை உச்சிக்கு ஏற வேண்டும். கதை இவ்வளவுதான். சிக்னலுக்காக மொட்டை மாடியில் ஏறி நின்ற நமக்கு இதை விளக்கவா வேணும்? ஆங்கிலம் லேசு, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடியும். வழியில் யாராவது ஏதாவது கேட்டால் செய்து கொடுங்கள். உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினால் பாதிக் கேமை விட்டுவிடுவீர்கள்.

இனி லூக்கஸ் போப் என்றொரு ஆள். இவருடைய இரண்டு கேம்களைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலுக்கே பொருளில்லை.

முதலாவது ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’, 2013. ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாடு, வருடம் 1982. எல்லைச் சாவடியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கடவுச்சீட்டுப் பார்க்கும் அலுவலர் நீங்கள். பேர் சரியா, படத்தில் இருப்பது இவர்தானா, முடிவுத் திகதி தாண்டிவிட்டதா, ஊர்ப் பேர் பொருந்துகிறதா என்று பார்த்து, விடுகிற முத்திரையோ மறுக்கிற முத்திரையோ குத்த வேண்டும். சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும்தான் சம்பளம். மெதுவாகப் பார்த்தால் அன்றிரவு வீட்டில் சாப்பாட்டுக்கும் குளிர் காய்வதற்கும் காசு காணாது.

ஒரு நாள் ஒருவர் வருவார், கடதாசி எல்லாம் சரி. போகும்போது “பின்னால் என் மனைவி வருகிறாள், பார்த்து நடந்துகொள்ளுங்கள்” என்பார். அடுத்ததாக வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் உங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு அச்சாகி வரும். விடாவிட்டால் அவளைத் திருப்பி அனுப்பும் கை உங்களுடையது. அடையாள அட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்த ஊரவன் நான். கண்ணாடிக்கு மற்றப் பக்கத்தில் இருந்து பார்க்கிறபோது கை ஒரு கணம் தயங்கியது. பெடியள் இதை ஒரு புதிர் கேமாக விளையாடுவார்கள். அப்பா அம்மாவுக்குக் காட்டினால் அவர்கள் வேறு கதை சொல்லுவார்கள். இது 2022இல் போனுக்கும் வந்துவிட்டது, லப்டொப் மக்கர் பண்ணினாலும் பயமில்லை.

இரண்டாவது ‘ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின்’, 2018. உங்களுக்கு நான் கட்டாயம் சொல்லுவது இதைத்தான்.

கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் ஒன்று 1802இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போகிறது. 1807இல் ஆளில்லாமல் தானாக மிதந்து வருகிறது. அறுபது பேருக்கும் என்ன நடந்தது என்று கண்டுபிடித்து எழுத வேண்டிய கம்பனியின் காப்புறுதி ஆய்வாளர் நீங்கள். கையில் ஒரு பொக்கெட் மணிக்கூடு. எலும்புக்கூட்டின் பக்கத்தில் அதைத் திறந்தால் திரை இருளும், கடைசி நேரத்துப் பேச்சும் சத்தமும் மட்டும் கேட்கும். பிறகு அந்த ஆள் செத்த கணம் அப்படியே உறைந்த காட்சியாக நிற்கும், நீங்கள் சுற்றி நடந்து பார்க்கலாம். துவக்கு வாயிலிருந்து கிளம்பிய புகைகூடக் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். படம் முழுக்க இரண்டே நிறம், பழங்காலத்துக் கொம்பியூட்டர் மாதிரி. இது என்ன அலங்கோலம் என்று முதல் பத்து நிமிசம் தோன்றும், பிறகு அதைத் தவிர வேறு விதமாக நினைத்துப் பார்க்க வராது.

யார், எப்படிச் செத்தார், கொன்றது யார்: மூன்றையும் ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். மூன்று பேருடையது சரியாக வந்தால்தான் கேம் உறுதிப்படுத்தும், அதனால் குருட்டடி அடிப்பது கஷ்டம். பேரை வாய்விட்டுச் சொல்லுவது குறைவு. பேச்சு வழக்கு, உடுப்பு, யாரோடு யார் சாப்பிட உட்கார்ந்தார்கள், எல்லாமே துப்பு. ஒன்றை மட்டும் காட்டிக் கொடுக்கிறேன்: கப்பலாட்கள் படுக்கும் தூங்கு கட்டில்களில் சின்னதாக இலக்கத் துண்டு தொங்கும். ஆட்பட்டியலிலும் இலக்கம் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் பாருங்கள். எனக்கு முதல் மூன்று பேரைப் பிடிக்கவே ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

திருகோணமலைக்காரனுக்கு இதில் தனி ருசி உண்டு. இதே ஆங்கிலேயர்தான் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்தவர்கள். நம் ஊர்ப் பேரையே வைத்து 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் அருங்காட்சியகத்தில் மிதக்கிறது. அதன் படங்களைப் பார்த்துவிட்டு ஒப்ரா டின்னுக்குள் இறங்கினால் கப்பலின் எந்தத் தளத்தில் எது இருக்கும் என்பது ஓரளவு பிடிபடும். கேமில் இந்தியக் கப்பலாட்களும் வருகிறார்கள். ஆங்கிலம் கொஞ்சம் கூடுதல்தான். கப்பல் பதவிப் பேர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வெண்பா’, 2023, டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடா போன தமிழ்க் குடும்பம், கறைபட்டு எழுத்தழிந்த அம்மாவின் சமையல் கொப்பி, அதை வைத்து இட்லியும் புட்டும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குக் கொடுக்கும் கேம் விருது கிடைத்தது. தமிழ்நாட்டுக் குடும்பம், நாம் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைத் தேடாதீர்கள். ஒரே இருப்பில் முடிந்துவிடும், அதனால் விலை குறையும் வரைக்கும் பொறுங்கள். ‘சாண்ட்ஸ் ஒஃப் சென்னார்’, 2023, பிரெஞ்சுக்காரர் செய்தது. ஒரு கோபுரம், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத ஐந்து கூட்டம். நீங்கள் குறியீடுகளை ஊகித்து மொழிபெயர்க்க வேண்டும். மூன்று மொழிப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவில் வளர்ந்த ஆளுக்கு இது சரிவரும். ‘ட்ரெட்ஜ்’ மீன்பிடிக் கேம், பிடித்த மீனைப் படகின் கட்டங்களுக்குள் அடுக்க வேண்டும், இருட்டினால் கடலில் பேய் பிசாசு. உங்கள் லப்டொப்புக்கு அது பாரம். கூட்டாளி யாரிடமாவது பிஎஸ்4 இருந்தால் அங்கே போய் விளையாடுங்கள்.

வாங்குவது எப்படி? கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையத்தளத்தில் கணக்குத் திறந்தால் விலை டொலரில் காட்டும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். விலைக்குறைப்பு அடிக்கடி வரும், விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் மின்னஞ்சல் அனுப்புவார்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் மெசினில் ஓடுமா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பேப்பர்ஸ், ப்ளீஸ், ஒப்ரா டின் இரண்டும் கேம் விற்கும் இன்னொரு தளமான கொக்கிலும் (GOG) இருக்கின்றன. அங்கே வாங்கினால் நிறுவும் கோப்பைப் பென்ட்ரைவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு நெட்டே தேவையில்லை. ஸ்டீமிலேயே வாங்கினால் தானாக இறங்கும் அப்டேட்டுகளுக்கு நேரம் குறிக்கும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த மணித்தியாலங்களைப் போட்டுவிட்டுப் படுங்கள்.

பென்ட்ரைவில் யாராவது ‘முழு வெர்சன்’ என்று சும்மா தந்தால் வாங்க வேண்டாம். நானும் ஒருகாலத்தில் வாங்கியவன்தான். கேமோடு கூட வந்த ஏதோ ஒன்று தங்கச்சியின் கல்யாணப் படங்கள் அத்தனையையும் திறக்க ஏலாமல் பூட்டிவிட்டது. கேம் மட்டும் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

ஒப்ரா டின்னில் முட்டுப்பட்டால் யூடியூப்பைத் திறக்காதீர்கள், பார்த்த விடையை மறந்துவிட்டுத் திரும்ப விளையாட ஏலாது. அன்றைக்கு மூடி வைத்துவிட்டு, விடிய மழை விட்டால் டச்சுக் குடாப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து திறவுங்கள். எனக்குக் கடைசி ஆறு பேரும் அப்படித்தான் அகப்பட்டார்கள்.