பேஸ் கிட்டார் யார் கையில்?

கேள்வி: பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரில் யார் எதை வாசித்தார்கள்? பேஸ் கிட்டாருக்கென்று தனியாக ஒருவர் தேவையா?
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: ஜான் லெனான் ரிதம் கிட்டாரும் (பாட்டுக்குத் துணையாகத் தாளத்தோடு மீட்டுவது), ஜார்ஜ் ஹாரிசன் லீட் கிட்டாரும் (தனித்துத் தெரியும் மெட்டுகளை வாசிப்பது), ரிங்கோ ஸ்டார் டிரம்ஸும் வாசித்தார்கள். தொடக்கத்தில் குழுவில் பேஸ் வாசித்துவந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961-இல் விலகியபோது, மற்றவர்கள் விரும்பாத அந்தப் பொறுப்பு பால் மெக்கார்ட்னியிடம் வந்துசேர்ந்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவர், வயலின் வடிவிலான ஹாஃப்னர் பேஸைத் தேர்ந்தெடுத்ததற்கு, இருபுறமும் ஒத்திருக்கும் அதைத் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். தனி ஆள் தேவையா என்றால், என் கருத்தில் கட்டாயம் தேவை: நான்கு தடித்த கம்பிகளில் எழும் அந்தத் தாழ்ந்த ஒலிதான் டிரம்ஸின் தாளத்தையும் கிட்டாரின் சுரங்களையும் இணைக்கிறது. உங்கள் சில்வர் பீச் கச்சேரிகளில் ஒலிபெருக்கியருகே நின்றால், நெஞ்சுக்கூட்டில் அதிர்வதில் பாதி அதுதான்.