டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, வண்டி எடுக்கல: பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் காது கொடுங்க

கேள்வி (பெங்களூர் பனஸ்வாடி வாசகி): சார், எங்க வீட்ல 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். போன மாசம் ஒரு திங்கக்கிழமை பசங்கள ஸ்கூல்ல விடலாம்னு பேஸ்மென்ட்டுக்குப் போய் சாவியத் திருப்பினா டிக்டிக்டிக்டிக்னு சத்தம், இன்ஜின் சுத்தவே இல்ல. லைட் எரியுது, ஹாரனும் அடிக்குது. வாட்ச்மேன் தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர கூட்டிட்டு வந்தார், அவர் பானெட்ட திறந்து பாத்தவுடனே "பேட்டரி போச்சு மேடம்"னு சொல்லிட்டு இருபது நிமிஷத்துல புதுசு மாத்திட்டார். 4,800 ரூபா ஜிபே பண்ணேன், பழசையும் அவரே எடுத்துட்டுப் போயிட்டார், பில் கேட்டதுக்கு அப்புறம் தரேன்னார். ஒன்பதே நாள்ல மறுபடியும் அதே டிக்டிக். இப்ப அதே ஆள் "செல்ஃப் மோட்டார் போயிருச்சு, 8,500 ஆகும்"ங்கறார். பிப்ரவரில ஒரு டேஷ்கேம் போட்டோம், அது தவிர வண்டில எதையும் தொடல. மாத்தலாமா? பேட்டரி காசு திரும்பக் கிடைக்குமா?

பதில்: செல்ஃப் மோட்டார இப்போதைக்கு மாத்தாதீங்க மேடம். ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா நீங்க எழுதின அந்த சத்தத்த வச்சுதான்.

சாவியத் திருப்பினதும் செல்ஃப் மோட்டார் (இன்ஜின முதல்ல சுத்தி விடற மோட்டார்) தலைல இருக்கற சோலனாய்டுங்கற காந்தச் சுருள் ஒரு இரும்புக் கம்பிய இழுத்து, பேட்டரியையும் மோட்டாரையும் சேர்க்கற ரெண்டு தடி காண்டாக்ட்ட ஒட்ட வைக்கும். ஒட்டின அந்த நொடி மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும். பேட்டரில தெம்பு இல்லன்னாலோ, இல்ல வழில எங்கயாவது ஜாயின்ட் சரியில்லன்னாலோ வோல்டேஜ் சடார்னு விழும், விழுந்தா சோலனாய்டு கைய விட்ரும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், ஏறினதும் திரும்ப இழுக்கும், திரும்ப விழும். இந்த இழுபறிதான் உங்களுக்கு டிக்டிக்டிக்னு கேட்டது. அப்போ வேகமான டிக்டிக் கேட்டா சோலனாய்டு வேலை செய்யுது, கரண்ட்தான் பத்தலன்னு அர்த்தம். செல்ஃப் மோட்டாரே கெட்டிருந்தா பெரும்பாலும் "டக்"னு ஒரே ஒரு கனமான சத்தம் வரும், அதோட அமைதியாயிரும்.

லைட் எரியுது ஹாரன் அடிக்குதுன்னு எல்லாரும் சொல்றதுதான், அத வச்சு பேட்டரி நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. சாதா ஹாலஜன் ஹெட்லைட் ரெண்டும் சேந்து குடிக்கறது பத்து ஆம்பியர் சுமார், செல்ஃபுக்கு வேணும்ங்கறது அதுக்கு பத்து பதினஞ்சு மடங்கு. அதுக்கு பதிலா ஹெட்லைட்ட போட்டு செவுத்துல வெளிச்சம் படற மாதிரி வச்சுகிட்டு சாவியத் திருப்பிப் பாருங்க. வெளிச்சம் அப்படியே செத்துப்போனா பேட்டரி இல்லன்னா ஜாயின்ட். வெளிச்சம் அசையாம நிக்குது, "டக்"னு மட்டும் கேக்குதுன்னா அப்ப செல்ஃப் மேல சந்தேகப்படலாம்.

சரி, புது பேட்டரி போட்டும் ஏன் ஒன்பது நாள்ல இப்படி ஆச்சு? மூணு ஆள் மேல எனக்கு சந்தேகம், கிளாம்ப், சார்ஜிங், அப்புறம் உங்க டேஷ்கேம்.

முதல்ல கிளாம்ப். என் சொந்தக் கதைய சொல்லிடறேன், வெக்கமாதான் இருக்கு. சில வருஷம் முன்னாடி மர்ஃபி டவுன்ல இருந்தப்ப எனக்கும் இதேதான், டிக்டிக், நானும் யாரையும் கேக்காம பேட்டரி மாத்தினேன், நாலாம் நாள் திரும்பவும் டிக்டிக். சிவாஜிநகர்ல ஒரு வயசான எலக்ட்ரீஷியன் பாய், மீட்டர் எதையும் எடுக்கல, நெகட்டிவ் கிளாம்ப்ப ரெண்டு விரலால புடிச்சு பாட்டில் மூடிய திருகற மாதிரி திருகினார், அது சுத்துச்சு. என் மூஞ்சியப் பாத்து சிரிச்சார். பேட்டரி கம்பம் ஒல்லி, கிளாம்ப் பழசு, போல்ட்ட கடைசி வரைக்கும் முறுக்கியும் வாய் மூடல. புது கிளாம்ப் போட்டு முடிச்சார், நான் கொடுத்தது ஒரு பிரியாணி காசு. அந்த வண்டிய விக்கற வரைக்கும் அந்த பிரச்சன திரும்பி வரவே இல்ல.

அதனால நீங்களும் முதல்ல திருகிப் பாருங்க, சாவி ஆஃப்ல இருக்கட்டும், கைல வளையல் மோதிரம் இருந்தா கழட்டிடுங்க. கொஞ்சம்கூட அசையக் கூடாது. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா அதுவும் கரண்ட்ட தடுக்கும். நெகட்டிவ் முதல்ல, பாசிட்டிவ் அப்புறமா கழட்டி, வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால தேச்சுக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள்ல மினுக்கி, மாட்டறப்போ பாசிட்டிவ் முதல்ல மாட்டி இறுக்கிட்டு மேல வாஸ்லின் தடவுங்க. இன்னொரு சின்ன விஷயம், நாலஞ்சு தடவ செல்ஃப் அடிச்சுப் பாத்துட்டு உடனே கிளாம்ப்ப தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா கோளாறு அங்கதான். அதே மாதிரி நெகட்டிவ்லேர்ந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போற எர்த் வயர், அந்த போல்ட் துருப்பிடிச்சிருந்தாலும் இதே நாடகம்தான்.

அடுத்தது சார்ஜிங். எஸ்.பி. ரோட்ல சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும், வீட்ல ஒண்ணு இருக்கறது தப்பில்ல. காலைல வண்டியத் தொடறதுக்கு முன்னாடி பேட்டரில வச்சா 12.6 காட்டணும். 12.2னா பாதிதான் இருக்கு, 12க்கு கீழன்னா கிட்டத்தட்ட காலி. வேற யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி நீங்க மீட்டரப் பாருங்க, பத்துக்கு மேல நின்னா நல்லது, 9.6க்கு கீழ போனா பேட்டரில சார்ஜ் இல்ல இல்லன்னா பேட்டரியே வீக். அவர் செல்ஃப் அடிக்கறப்பவே மீட்டர் முள்ள கிளாம்ப்ல வைக்காம நடுவுல தெரியற ஈயக் கம்பத்து மேலயே வச்சு ஒரு தடவ, கிளாம்ப் மேல வச்சு ஒரு தடவ பாருங்க. கம்பத்துல 12 இருந்து கிளாம்ப்ல 8 காட்டினா, பேட்டரி மேல எந்தத் தப்பும் இல்ல. வண்டி ஓடறப்போ 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் வரணும், ஏசி லைட் எல்லாம் போட்டும். சில புது வண்டில கம்ப்யூட்டரே சார்ஜிங்க ஏத்தி எறக்கும், அங்க கொஞ்சம் கூடக் கொறைய காட்டும். 12.3லயே நின்னா ஆல்டர்நேட்டர், அதான் நம்ம ஆளுங்க டைனமோன்னு சொல்றது, அது சார்ஜ் பண்ணல. அப்படின்னா நீங்க போடற எந்த புது பேட்டரியும் சில நாள்தான் தாங்கும்.

கடைசியா டேஷ்கேம், எனக்கென்னவோ இதுவும் கிளாம்ப்பும் சேந்துதான் கூத்தடிக்குதுன்னு படுது. பார்க்கிங் மோடுன்னு ஒண்ணு இருக்கும், வண்டி நின்னாலும் ரெக்கார்ட் பண்ணும். அது கால் ஆம்பியர் இழுத்தாக்கூட ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர், உங்க வண்டி பேட்டரி 35தான். மூணு நாள்ல பாதி காலி. அதுக்கு மேல பனஸ்வாடிலேர்ந்து ஸ்கூலுக்கு மூணு கிலோமீட்டர், சிக்னல்ல நின்னு நின்னு போனா போனது திரும்ப ஏறவே ஏறாது, டிசம்பர் குளிர்ல இன்னும் மோசம். ஒரு வாரம் டேஷ்கேம் வயர புடுங்கி வச்சிட்டுப் பாருங்க. எலக்ட்ரீஷியன்கிட்ட போனா "வண்டி ஆஃப்ல எவ்ளோ மில்லி ஆம்பியர் இழுக்குது"ன்னு பாக்கச் சொல்லுங்க, கதவெல்லாம் பூட்டி அரைமணி நேரம் கழிச்சு 50க்குள்ள இருக்கணும். பூட்டின உடனே பாத்தா கூடத்தான் காட்டும், அத வச்சு பயமுறுத்தினா நம்பாதீங்க.

இப்ப காசு. மேடம், மனசாட்சியோட சொல்றேன், புது பேட்டரி நல்லாருக்குற பட்சத்துல முழு காசையும் திரும்ப வாங்கறது கஷ்டம், ஏன்னா பழசு போயிருச்சுன்னும் இல்லன்னும் இப்ப யாராலயும் காட்ட முடியாது, அந்தப் பழச கொடுத்ததுதான் தப்பு. ஆனா பில் உங்க உரிமை. பில் தராம இருக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நேர்மையில்லாத வணிகம்னே வருது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், பேட்டரி மேல இருக்கற சீரியல் நம்பர் போட்டோ ரெண்டையும் வாட்ஸப்ல அனுப்பி "தேதி போட்ட பில்லும் வாரன்ட்டி கார்டும் வேணும்"னு எழுத்துல கேளுங்க, போன்ல பேசிட்டு விட்றாதீங்க. அசையலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் கமிஷன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம். 4,800க்கு அவ்ளோ தூரம் போகணுமான்னா, என்னக் கேட்டா 1915 பேர எடுத்தாலே பாதி பேர் பில்ல நீட்டிடுவாங்க.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): என் பேட்டரி 24+24 மாசம் வாரன்ட்டி. 30வது மாசம் செத்துப்போச்சு. கடைல ஓசில தர மாட்டேன், டிஸ்கவுன்ட்தான்ங்கறாங்க. ஏமாத்தறாங்களா?

பதில்: இல்ல, இது அவங்க ஏமாத்தல, அந்த ப்ளஸ் குறிதான் நம்மள ஏமாத்துது. முதல் 24 மாசம்தான் ஓசி, அடுத்த 24 ப்ரோ-ரேட்டா, அதாவது அன்னைக்கு எம்ஆர்பில இத்தனை சதவீதம் தள்ளுபடின்னு. எம்ஆர்பின்னா எம்ஆர்பி, ஜே.சி. ரோட்ல யாரும் அந்த வெலைக்கு விக்கறதில்ல. எம்ஆர்பி 6,000, உங்களுக்கு 30 சதவீதம்னா 4,200 கட்டணும், அதே பேட்டரி பழச குடுத்துட்டு வெளில 4,400க்கு புது வாரன்ட்டியோட கிடைச்சா எது லாபம்னு கணக்குப் போட்டுக்கோங்க. வாரன்ட்டில மாத்தின பேட்டரிக்கு பழைய வாரன்ட்டியோட மிச்சம்தான் பல கார்டுல எழுதியிருக்கும், அந்தப் பொடி எழுத்தயும் படிங்க. மஞ்சள் போர்டு வண்டின்னா பல கம்பெனில காலமே கம்மி.

புதுசு வாங்கறப்போ தயாரிச்ச மாசத்த கேளுங்க, மூணு மாசத்துக்குள்ள இருந்தா நல்லது, ஆறு மாசம் அலமாரில தூங்கினத வேண்டாம்னுடுங்க. 38பி20எல் (38B20L) மாதிரி நம்பர் இருக்கும், அதுல 20ங்கறது நீளம் சென்டிமீட்டர்ல, கடைசில வர்ற L இல்லன்னா R, டெர்மினல் எந்தப் பக்கம்னு சொல்றது, மாத்தி வாங்கினா கேபிள் எட்டாது. சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகற வண்டியா இருந்தா அதுக்குன்னு இருக்கற இஎஃப்பி இல்லன்னா ஏஜிஎம் டைப்தான் போடணும், சாதாவ தலைல கட்டினா சீக்கிரம் போயிரும். பழச கடைல குடுத்துடுங்க, அது ஈயம், குப்பைல போடற பொருள் இல்ல.

கேள்வி (அல்சூர்): பக்கத்து வீட்டு வண்டிலேர்ந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? ஷாக் அடிக்குமா?

பதில்: 12 வோல்ட் ஷாக் அடிக்காது, பொறிதான் பயம். பேட்டரி மேல ஹைட்ரஜன் கேஸ் இருக்கும். செவப்ப செத்த பேட்டரி பாசிட்டிவ்ல, மறுமுனைய நல்ல பேட்டரி பாசிட்டிவ்ல, கருப்ப நல்ல பேட்டரி நெகட்டிவ்ல, கடைசி முனைய செத்த பேட்டரில வைக்காம தள்ளி இன்ஜின் மேல பெயின்ட் இல்லாத இரும்புல. கழட்டறப்போ தலைகீழா. லாரிலேர்ந்து எடுக்காதீங்க, அது 24 வோல்ட், வண்டி கம்ப்யூட்டருக்கு சங்குதான். மேனுவலா இருந்தா தள்ளியும் எடுக்கலாம், ஆட்டோமேட்டிக்க நீங்க அல்சூர்லேர்ந்து ஓசூர் வரைக்கும் தள்ளினாலும் எடுக்காது.

கேள்வி (எஜிபுரா): பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக். டிக்குனுகூட சத்தம் வரல.

பதில்: பிரேக் மிதிச்சா பின்னாடி பிரேக் லைட் எரியுதான்னு ஒருத்தர பாக்கச் சொல்லுங்க. எரியலன்னா நீங்க மிதிச்சதே வண்டிக்குத் தெரியல, பெடல் மேல இருக்கற சுவிட்ச். எரியுதுன்னா கியர P (பார்க்)லேர்ந்து N (நியூட்ரல்)க்கு மாத்தி பட்டன அமுக்கிப் பாருங்க. அப்பவும் இல்லன்னா சாவியவே பட்டன்ல ஒட்ட வச்சு அமுக்குங்க, எடுத்துச்சுன்னா செத்தது சாவிக்குள்ள இருக்கற சின்ன பேட்டரி.

கேள்வி (சர்ஜாபூர் ரோடு): மழைல பேஸ்மென்ட்ல பானெட் வரைக்கும் தண்ணி. வடிஞ்சப்புறம் சாவியத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தம். செல்ஃப் மோட்டாரத் தட்டிப் பாக்கலாமா?

பதில்: வேண்டாம், சாவிய எடுத்துடுங்க, இன்னொரு தடவ திருப்பாதீங்க. நான் மேல சொன்னது எதுவும் உங்களுக்கு இல்ல. தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்தா பிஸ்டனால அத அமுக்க முடியாது, மறுபடி மறுபடி செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராடு வளையும். 2022 செப்டம்பர்ல உங்க ஏரியால வெள்ளம் வந்தப்பயும் இதே கேள்விதான். தண்ணி நின்ன கோடு செவுத்துலயும் வண்டிலயும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸ்ல இன்னைக்கே சொல்லிடுங்க. நீங்களா ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா சாதா பாலிசில தர மாட்டாங்க, இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் எடுத்திருக்கீங்களான்னு பாலிசில பாருங்க. பேட்டரி நெகட்டிவ்வ கழட்டி வச்சிட்டு, டோ வண்டிய வரச் சொல்லுங்க, முடிஞ்சா நாலு சக்கரமும் மேல ஏத்தற ஃப்ளாட்பெட்டா கேளுங்க.